திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க?

அமெரிக்காவுல துப்பாக்கி, தற்காப்பு பத்தி அங்க இருக்கற நம்மாளுங்க மூணு பேர் சொன்னது.

டெக்சாஸ், டல்லாஸ் பக்கத்திலிருந்து:

எங்க டீம்ல ஒரு அசல் டெக்சாஸ்காரர், துப்பாக்கி உரிமைக்குக் கொடி பிடிக்கிற ரிபப்ளிகன் கட்சி. அவருக்கு எதிர் சீட்ல கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர், துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேணும்கிற டெமாக்ரட் கட்சி. லஞ்ச் டேபிள்ல ரெண்டு பேருக்கும் எப்பவும் ஒரே கற்பனைத் திருடன்தான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைப்பான், பேச்சு அங்கிருந்து கிளம்பும்.

"அவசர உதவிக்கு 911 கூப்பிடுவேன்"னார் கலிஃபோர்னியா.

"நானும்தான். பாவம், அவனுக்கு ஆம்புலன்ஸ் வேணுமே!"

"கார் சாவியே உங்களுக்குக் கிடைக்கிறதில்ல. துப்பாக்கிப் பெட்டிச் சாவி எங்கேன்னு திருடன்கிட்டயே கேட்பீங்களா?"

உங்க ஊர்ல எப்படின்னு என்கிட்ட திரும்பினாங்க. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, வாசல்ல கிரில் கேட், அதுல ஒரு பூட்டுன்னேன். "இங்க ஜன்னலுக்குக் கம்பி போட்டா எங்க ஹெச்ஓஏ, அதான் வீட்டு உரிமையாளர் சங்கம், நோட்டீஸ் அனுப்பும். துப்பாக்கிக்கு அவங்களைக் கேட்கவே வேண்டாம்"னார் டெக்சாஸ்காரர். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

2024 செப்டம்பர்ல டிவி புகழ் ஓப்ராவோட பேசும்போது, என் வீட்டுக்குள்ள எவனாவது புகுந்தா சுடப்படுவான்னு டெமாக்ரட் வேட்பாளர் கமலா ஹாரிஸ் சொல்லிட்டுச் சிரிச்சாங்களே, மறுநாள் டெக்சாஸ்காரர் முகத்துல ஈயாடல. பாதி ஜோக் ஸ்டாக் காலி!

ஹூஸ்டன்:

2021 செப்டம்பர் 1லிருந்து இங்க டெக்சாஸ்ல 21 வயசானவங்க, சட்டத் தடை இல்லேன்னா, லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோட வெளியே போகலாம். வேண்டாம்னு நினைக்கிற கடைக்காரர் வாசல்ல போர்டு மாட்டணும். லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. லைசென்ஸ் இருக்கறவர்ல ஒளிச்சு வெச்சு வர்றவருக்கு 30.06, வெளியே தெரிய மாட்டிட்டு வர்றவருக்கு 30.07. மூணும் சட்டப் பிரிவு நம்பர். (30-06ங்கிறது வேட்டைத் துப்பாக்கித் தோட்டா ஒண்ணோட பேரும்கூட. நம்பர் போட்டவர் குசும்புக்காரரா இருக்கணும்!) எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டுலயும் இருக்கணும்.

ஊரிலிருந்து வந்த அப்பா ஒரு ஹோட்டல் வாசல்ல நின்னு முழுசா வாசிச்சார். "அப்போ போர்டு இல்லாத ஹோட்டல்ல எல்லார்கிட்டயும் இருக்குமாடா?" இருக்கலாம்ப்பான்னேன். ஊர் திரும்பற வரைக்கும் சாம்பார்ல உப்பு கம்மின்னு எந்த சர்வர்கிட்டயும் மனுஷன் வாயைத் திறக்கல.

நியூ ஜெர்சி:

இங்க பெப்பர் ஸ்பிரேகூட முக்கால் அவுன்சுக்கு மேல கையில வெச்சுக்கக் கூடாது. டெக்சாஸ்லேர்ந்து வந்த மச்சான் என் மனைவியோட கீசெயின்ல அதைப் பார்த்துட்டு, "அக்கா, ரசத்துக்கே இதைவிட அதிகமா மிளகு போடுவியே!"ன்னான்.

சும்மா இருக்காம நான் சட்டத்தை விளக்கினேன். வீட்டுக்கு வெளியே எவனாவது தாக்க வந்தா, பத்திரமாத் தப்பிச்சு ஓட வழி இருக்கும்போது உயிரை எடுக்கற அளவுக்குப் போகக் கூடாது, ஓடணும். டெக்சாஸ்ல 2007லிருந்து அந்தக் கட்டாயம் கிடையாது.

"அதான் இந்த ஊர்ல காலங்காத்தால எல்லாரும் ஓடிட்டிருக்காங்களா?"ன்னான்.

என் மனைவி அவன் தொப்பையை ஒரு பார்வை பார்த்தா. "உன்னால ஓட முடியாது. அதான் டெக்சாஸ்ல வீடு வாங்கியிருக்கே."