கூடைப்பந்தில் பிளாக்கா, சார்ஜா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாயிண்ட்கார்டு:
போன போட்டியில் பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்துகொண்டே உள்ளே போனேன். என்னைத் தடுக்க வந்த டிஃபெண்டர் பக்கவாட்டில் நகர்ந்தபடியே எனக்கு முன்னால் இருந்தார். என் தோள் அவர் நெஞ்சில் இடித்து இருவரும் விழுந்தோம். நடுவர் முஷ்டியால் உள்ளங்கையில் குத்திக் காட்டினார்: சார்ஜ், அதாவது பந்தோடு போய் மோதிய என் மேல்தான் ஃபவுல். “அவர் நகர்ந்துகிட்டுதானே இருந்தார்?” என்று கேட்டேன். “நகரலாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு ஸ்கோரர் மேசைக்குப் போய்விட்டார். இன்னும் மனசு ஆறவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

விசில்காரன்:
நான் நடுவர் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது சரி. அசையாமல் நின்றால்தான் சார்ஜ் என்று பலரும் நம்புகிறார்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அப்படி இல்லை. டிஃபெண்டர் முதலில் உங்களைப் பார்த்தபடி இரண்டு கால்களையும் தரையில் வைத்திருக்க வேண்டும். அது ஆகிவிட்டால் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், நேராக மேலே குதிக்கலாம். அடுத்த கேள்வி, இடி எங்கே பட்டது? நெஞ்சில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! அவர் முழங்காலை நீட்டியோ இடுப்பைத் தள்ளியோ மறித்திருந்தால் என் இரண்டு கைகளும் என் இடுப்புக்குப் போயிருக்கும், அதாவது பிளாக், ஃபவுல் டிஃபெண்டர் மேல்.

பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் கடைசி நொடியில் வந்து நின்றாலும் செல்லும். நேரமும் தூரமும் அங்கே கணக்கில் இல்லை. ஆனால் நீங்கள் தரையை விட்டு எழும்பியபின் ஒருவர் குறுக்கே நுழைந்தால், அப்புறம் அவர் சிலைபோல நின்றாலும் பயனில்லை.

ஒரு ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒருவர் விடாமல் “பந்தைப் பாருங்க ரெஃப்!” என்று கத்திக்கொண்டிருந்தார். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஃபவுலைச் சொல்லவே முடியாது. பந்தோடு கூடையை நோக்கிப் பாயும் டிரைவ் தொடங்கியதுமே என் கண் டிஃபெண்டரின் காலுக்கும் நெஞ்சுக்கும் போய்விடும். இருவருக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி தெரிகிற கோணமும் வேண்டும். யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வெறும் ஊகம்தான்.

ரீபவுண்ட்:
கூடைக்குப் பக்கத்தில் ஆடும் எங்கள் சென்டருக்கு நடந்தது வேறு. கூடைக்கு அடியில் கைகளை உயர்த்திக்கொண்டு ஆடாமல் நின்றார். எதிரணிக்காரர் பந்தோடு பறந்து வந்து மோதினார், பந்தும் கூடையில் விழுந்தது. விசிலே இல்லை! எங்கள் பெஞ்ச் மொத்தமும் எழுந்து நின்றது. சென்டரின் குதிகால், கூடைக்கு அடியில் வரைந்திருக்கும் சார்ஜ் கிடையாத அரைவட்டத்துக்குள் இருந்ததாம். ஃபிபாவில் அந்த வட்டத்தின் ஆரம் 1.25 மீட்டர், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 4 அடி, கிட்டத்தட்ட ஒன்றுதான். வந்தவர் கையாலோ காலாலோ தள்ளியிருந்தால் மட்டும் அரைவட்டம் அவரைக் காப்பாற்றாது.

மேசைப்பக்கம்:
ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன் நான். பந்து கையை விட்டுப் போனபிறகு ஷூட் செய்தவர் டிஃபெண்டர்மேல் போய் விழுந்தார். பந்து உள்ளே. நடுவர் அவருக்கே 2 புள்ளியும் கொடுத்து, அவர் பெயரிலேயே ஃபவுலும் எழுதச் சொன்னார். இரண்டு அணியும் என் மேசைக்கு வந்துவிட்டன, நான் என்ன செய்ய? ஃபிபா விதிப்படி அது சரிதான். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் இதே கூடை செல்லாது.

விசில்காரன்:
அதைவிடச் சங்கடம், இரண்டு நடுவர்களும் ஒரே நேரத்தில் ஊதுவது. ஒருவர் பிளாக், இன்னொருவர் சார்ஜ் என்று காட்டிவிட்டால் அரங்கமே சிரிக்கும். எனக்கு அப்படி இரட்டை விசில் வந்தபோது முஷ்டியை மட்டும் உயர்த்தி நிறுத்திக்கொண்டேன், சக நடுவரும் அப்படியே. கண்ணைப் பார்த்துக்கொண்டோம். மோதல் அவர் பார்க்க வேண்டிய பகுதியில் நடந்ததால் அவரே சைகை காட்டினார்.

பாயிண்ட்கார்டு:
சரி, என் சார்ஜை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே படுவதற்கு முன்பே சாய்ந்து விழுகிறவர்களை என்ன செய்வீர்கள்?

விசில்காரன்:
அது நடிப்பு. முதலில் எச்சரிக்கை, அதே அணி மறுபடி செய்தால் டெக்னிக்கல், அதாவது நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல். ஆனால் இடியைத் தாங்க உடம்பைத் திருப்புவதோ கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதோ நடிப்பில் சேராது, அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது.