வெயிட் மெஷின்னாலே உறைஞ்சு போறாங்க, சாப்பாட்டு டைரி வெத்தா வருது. டயட் கவுன்சிலிங்கை எப்படி கொண்டு போறது?

புது டயட்டீஷியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் டயட்டீஷியனா வேலைக்கு சேர்ந்து ரொம்ப நாள் ஆகல. சுகருக்காக ஒருத்தங்க என்கிட்ட வர்றாங்க. நான் எது சொன்னாலும் "சரி மேடம் சரி மேடம்"னு தலையாட்டுவாங்க, ஆனா அடுத்த தடவை வரும்போது சாப்பாட்டு டைரில ஒரு எழுத்து இருக்காது. வெயிட் பாக்கலாமான்னு கேட்டா போதும், தோள் ரெண்டும் ஏறிடும், பையை நெஞ்சோட இறுக்கி பிடிச்சுக்கிட்டு கதவையே பாக்கிறாங்க. போன தடவை கிளம்பும்போது "சின்ன வயசுல எங்க வீட்ல சாப்பாட்டை வச்சுதான் தண்டனையே"ன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு போயிட்டாங்க. ட்ராமா இன்ஃபார்ம்டு கேர், அதாவது பழைய மனக்காயம் இருக்கிறவங்களை திரும்ப பயப்படுத்தாம கவனிச்சுக்கிற முறை, அதை பத்தி படிச்சிருக்கேன், பாதுகாப்பு, நம்பிக்கை, சேர்ந்து முடிவெடுக்கிறது, தேர்வு செய்ற உரிமைன்னு கொள்கை எல்லாம் தெரியும், ஆனா எதிர்ல ஆள் உக்காந்திருக்கும்போது என்ன செய்யணும்னுதான் புரியல. நடந்ததை நான் கேட்டு தெரிஞ்சுக்கணுமா? சுகரும் ஏறிக்கிட்டே இருக்கு, கண்டிப்பா சொல்லாம விட்டா அதுவும் தப்பில்லையா?

சீனியர் டயட்டீஷியன்:
நடந்ததை நீங்க கேக்கவே வேண்டாம்மா. அவங்க கதை தெரியாமலே அவங்க பயப்படாத மாதிரி நடந்துக்க முடியும், நம்ம வேலை அதுதான்.

முதல்ல அந்த டைரியை நிறுத்துங்க. தட்டுல என்ன இருக்குன்னு ஒருத்தர் எட்டிப்பாத்து தண்டனை குடுத்த வீட்ல வளந்தவங்ககிட்ட "சாப்பிட்டதெல்லாம் எழுதிட்டு வாங்க, நான் பாக்கிறேன்"னா அது திரும்ப அதே விசாரணைதானே. எந்த நேரத்துக்கு சாப்பிட்டாங்கன்னு மட்டும் குறிச்சா போதும், இல்லன்னா வாயால சொல்லட்டும், அவங்க சொல்ல விரும்புற அளவுக்கு மட்டும்.

வெயிட் விஷயத்துல உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்குங்க, இன்னிக்கு இந்த நம்பர் தெரிஞ்சா என் ஆலோசனை மாறுமா? சுகருக்கு ஹெச்பிஏ1சின்னு ரத்தப் பரிசோதனை இருக்கு, அது 2-3 மாச நிலவரத்தை காட்டிடும், அதனால பெரும்பாலான நாள்ல வெயிட்டை தள்ளிப்போடலாம். டாக்டருக்கு கட்டாயம் வேணும்னா ஏன் வேணும்னு சொல்லி அனுமதி கேளுங்க, தனி ரூம்ல, மெஷினுக்கு முதுகு காட்டி நிக்க வைங்க, நம்பரை வாய்விட்டு சொல்லாதீங்க, அவங்க கையில குடுக்கிற பேப்பர்லயும் எழுதாதீங்க. "வேண்டாம்"னு ஒரு தடவை சொன்னா அதோட விட்டுடணும். முதல் "வேண்டாம்"க்கு நீங்க என்ன பண்றீங்கன்னு அவங்க பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க.

அப்புறம் அந்த "சரி மேடம்". ஒத்துக்கிட்டா திட்டு விழாதுன்னு சின்ன வயசுலயே பழகினவங்க அப்படித்தான் சொல்வாங்க, அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க. "இதை பண்ணுவீங்களா"ன்னு கேக்காம "காலைல சாப்பாட்டை மாத்தி பாக்கலாமா, ராத்திரியதை மாத்தலாமா, இல்ல இந்த வாரம் எதையும் தொடாம விடலாமா"ன்னு கேளுங்க. மூணும் சரியான பதிலா இருக்கணும்.

மனநல ஆலோசகர்:
சுகர் ஏறுதுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஒண்ணு சேக்கிறேன். பயத்துல கார்டிசாலும் அட்ரினலினும் ஏறும்போது கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்துல விடும், அதனால மிரட்டி பேசறதுனால சுகருக்கே நல்லது இல்ல. நீண்ட நாள் பயத்துல வாழ்ந்த சிலருக்கு பசியும் வயிறு நிறைஞ்ச உணர்வும் சரியா தெரியாது, அவங்ககிட்ட "பசிச்சா சாப்பிடுங்க"ன்னா வேலைக்கு ஆகாது, குறிச்ச நேரத்துல சாப்பிடறது நிறைய பேருக்கு சுலபமா இருக்கு.

1980கள்ல அமெரிக்கால சான் டியாகோல வின்சென்ட் ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர் எடைக் குறைப்பு கிளினிக் நடத்தினார். நல்லா எடை குறைஞ்சுக்கிட்டு இருந்தவங்களே பாதில நின்னுட்டாங்க. ஏன்னு பேசி பாத்தா அதுல நிறைய பேர் சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க, சிலருக்கு அந்த உடம்பே ஒரு பாதுகாப்பா இருந்திருக்கு. அதுலேர்ந்துதான் 17,000 பேருக்கு மேல கலந்துக்கிட்ட ஏஸ் ஆய்வு வந்துச்சு, சின்ன வயசுல பட்ட கொடுமைகளை கேள்வித்தாள் வச்சு கேட்டு ஸ்கோர் போட்ட ஆய்வு அது, அதோட முதல் கட்டுரை 1998-ல வெளியாச்சு. ஆனா அந்த கேள்வித்தாளை எடுத்து உங்க கிளையண்ட்கிட்ட நீட்டாதீங்க ப்ளீஸ். தனி ஆளை மதிப்பிட அந்த ஸ்கோர் சரிப்படாதுன்னு ஆய்வை சேர்ந்து நடத்தின ராபர்ட் ஆண்டாவே 2020-ல எழுதியிருக்கார்.

முன்னாள் கிளையண்ட்:
நான் டயட்டீஷியன் இல்ல, எதிர் சேர்ல உக்காந்தவ. பசியில வளந்தேன். பெரியவளான பிறகும் அலமாரில துணிக்கு நடுவுல பிஸ்கட் ஒளிச்சு வைப்பேன். முதல்ல போன இடத்துல தொடக்கூடாத சாப்பாடுன்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரியே ஒளிச்சு வச்சது அத்தனையும் தின்னு தீத்தேன். அடுத்து பாத்தவங்க பிஸ்கட்டை தூக்கி போடுன்னு சொல்லவே இல்ல. "வீட்ல சாப்பாடு தீந்து போகாம பாத்துக்கலாம், முதல்ல அது"ன்னாங்க. எழுதறதுக்கு முன்னாடி பேனாவை மேஜைல வச்சுட்டு "இதை குறிச்சுக்கவா, வேண்டாமா?"ன்னு கேப்பாங்க, நோட்டை என் பக்கம் திருப்பி காட்டுவாங்க. எனக்கு வாய் திறந்தது அங்கதான். உங்க கிளையண்டை கதவுக்கு பக்கத்து சேர்ல உக்கார வைங்க மேடம், அது ரொம்ப பெரிய விஷயம்.

புது டயட்டீஷியன்:
எல்லாருக்கும் மனசார நன்றி. முக்கியமா உங்களுக்கு, இதை இங்க எழுதினதுக்கு. இன்னும் ஒரு சந்தேகம், பேசிக்கிட்டு இருக்கும்போது அவங்களே நடந்ததை சொல்ல ஆரம்பிச்சு அழுதுட்டா?

சீனியர் டயட்டீஷியன்:
அவசரப்பட்டு பேச்சை மாத்தாதீங்க, மேல மேல கேக்கவும் கேக்காதீங்க. "என்கிட்ட சொன்னதுக்கு நன்றி. கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமா, இல்ல சாப்பாட்டு விஷயத்துக்கு வரலாமா, உங்க இஷ்டம்"னு சொல்லுங்க. ட்ராமாவுக்கு சிகிச்சை குடுக்கிறவங்களை பத்தி சொல்லி அனுப்பட்டுமான்னு கேளுங்க, அனுப்பினாலும் நம்மகிட்ட வர்றது நிக்காதுன்னும் சேத்து சொல்லணும், இல்லன்னா கைகழுவுறாங்கன்னு தோணிடும்.

ஆனா ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க. டைரி வெத்தா வருதுன்னா வேளை சாப்பாட்டை விடறாங்களான்னு தெரியணும், ஏன்னா இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்துக்கிட்டு சாப்பிடாம இருந்தா சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிடும். "சாப்பிடாம இருக்கிற நாள் நிறைய பேருக்கு இருக்கும், உங்களுக்கு இருந்தா மருந்தை அதுக்கு தகுந்த மாதிரி மாத்தணும், திட்டறதுக்கு கேக்கல"ன்னு காரணத்தை சொல்லியே கேளுங்க. ஆமான்னா அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிட்டு டாக்டருக்கு போன் போடுங்க. நாள் கணக்கா பட்டினி, வாந்தி எடுக்கிறது, வேணும்னே இன்சுலினை விடறது, உயிரை மாய்ச்சுக்கிற பேச்சு, இதுல எது வந்தாலும் அப்படித்தான், அதை நீங்க தனியா சுமக்க கூடாது.