கொடுவா தீவனத்தில் மீன்தூளுக்குப் பதில் புண்ணாக்கு எடுபடுமா?

உவர்க்குளம்:
நாகப்பட்டினம் பக்கம் ஒரு குளத்தில் கொடுவா, நன்னீர்க் குளத்தில் கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய திலேப்பியா ரகம்). மீன்தூள் விற்கும் விலையில் தீவனத்தைச் சொந்தமாக அரைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. கடலைப் புண்ணாக்கிலேயே 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறதே என்று மீன்தூளில் பாதியை எடுத்துவிட்டு அதைச் சேர்த்துப் பார்க்கிறேன். திலேப்பியா மறுபேச்சில்லாமல் தின்கிறது. கொடுவா வாயில் வாங்கி, அப்படியே துப்பிவிட்டுப் போகிறது. சோயாவுக்கு மாறினால் சரியாகுமா?

தவிட்டுமூட்டை:
திலேப்பியாவை விடுங்கள், அது மீன்தூளே இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளித்துவிடும். கொடுவா மீனைத் தின்றே வளரும் சாதி. மூட்டையில் எழுதியிருக்கும் புரத சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குள் என்னென்ன அமினோ அமிலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. கடலையில் லைசின், மெத்தியோனின் இரண்டுமே குறைவு. சோயாவில் லைசின் பரவாயில்லை, மெத்தியோனினைத் தனியாகச் சேர்த்தே ஆகவேண்டும். அப்புறம், ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரும், மீனின் ஈரலைக் கெடுக்கும்.

வலைக்கூண்டு:
பச்சை சோயாவை அரைத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது, சரியாகச் சூடு பட்டால்தான் அடங்கும். சோயாவில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் வேறு, பாஸ்பரஸை மீனுக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கழிவோடு குளத்தில் இறங்கிப் பாசி கட்டும். துப்புவது சுவைப் பிரச்சினை: பெல்லட் மேல் மீன் எண்ணெய் பூசுங்கள், கொஞ்சம் இறால் தலைத் தூளும் கலந்து பாருங்கள்.

கடற்காகம்:
நார்வேயில் 1990-இல் சால்மன் தீவனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் மீன்தூள், மீன் எண்ணெய் போன்ற கடல் பொருள்தான், 2013-இல் அது 30 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதை நம்மூர்ப் புண்ணாக்கோடு ஒப்பிட முடியாது. சாதாரண சோயா புண்ணாக்கு சால்மனின் பின்குடலைப் புண்ணாக்குகிறது என்பதால் அங்கே பெரும்பாலும் சோயா புரத அடர்வுதான் (மற்றதை நீக்கிப் புரதத்தைச் செறிவாக்கிய சோயா) போகிறது, அது விலை கூடிய சரக்கு. என்னைக் கேட்டால் முதலில் கால்வாசியை மட்டும் மாற்றி, எடை எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

உவர்க்குளம்:
சரி, கடலையை நிறுத்துகிறேன். விரல் நீளக் குஞ்சுகளுக்கும் இதே கலவை போடலாமா?

வலைக்கூண்டு:
வேண்டவே வேண்டாம். குஞ்சுக்கு மீன்தூள் முழுசாக இருக்கட்டும். தீவனம் பிடிக்காமல் பசியோடு கிடந்தால் பெரிய குஞ்சு சின்னதை விழுங்கிவிடும், மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.