பீவர் மிதவை விமானம்: ராத்திரி நின்ற ரேடியல் எஞ்சினைக் கிளப்புமுன்

கேள்வி:
டி ஹாவிலண்ட் பீவரில் உள்ள பிராட் அண்ட் விட்னி ஆர்-985 ரேடியல் எஞ்சினை (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது), காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு சுற்றவேண்டும்? நடுவில் இறுகிக்கொண்டால்?

பதில் 1:
ஒன்பது சிலிண்டரும் ஒருமுறை அமுக்கத்துக்கு வர கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) இரண்டு சுற்று சுற்றவேண்டும். கிராங்குக்கும் புரொப்பெல்லருக்கும் இடையில் கியர் கிடையாது. ஆகவே இரண்டு பிளேடு என்றால் நான்கு பிளேடு கடக்கவேண்டும், மூன்று பிளேடு என்றால் ஆறு. மேக்னெட்டோ (பிளக்குகளுக்குப் பொறி தரும் கருவி) ஆஃப். கரையில் கட்டிய கயிறு அப்படியே இருக்கட்டும்.

நிற்கும் எஞ்சினில் எண்ணெய் கசிந்து அடியில் உள்ள 5, 6ஆம் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெய் அமுங்காது. ஸ்டார்ட்டரால் சுற்றினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். அன்றைக்கு ஓடிவிட்டு, பிறகு நடுவானில் முறியும். அதுதான் பயங்கரம். இறுகினால் தம் கட்டித் தள்ளாதீர்கள். பின்னோக்கியும் சுற்றாதீர்கள்: எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் ஏறி, எஞ்சின் கிளம்பியதும் திரும்ப உள்ளே வரும். அந்த அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வடியவிடுங்கள்.

பதில் 2:
மிதவைகளையும் பாருங்கள். ஒவ்வொரு அறையையும் கைப்பம்பால் இறைத்து, எத்தனை இழுப்பு என்று எண்ணுங்கள். நேற்று ஐந்து, இன்று முப்பது என்றால் ரிவெட்டோ தையலோ விட்டிருக்கிறது. பின்னறைத் தண்ணீர் எடை மையத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அலையே இல்லாத, கண்ணாடி மாதிரித் தண்ணீரில் இறங்க?

பதில் 1:
உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றே தூக்கி, நிமிடத்துக்கு 150 அடி இறக்கத்தில் வைத்து, மிதவை தொடும்வரை எதையும் மாற்றாதீர்கள்.