புதுக் கோச்சி யார்டில், பழைய பெட்டி பாதையில்: இது நியாயமா?

வாவிக்கரையான் (மட்டக்களப்பு நகர்)
லண்டனில் நியூ மோல்டன் பக்கம் இருக்கிற அண்ணன் போன கிழமை ஒரு படம் அனுப்பினார். புத்தம் புது ரயிலில் ஏசிக்குக் கீழே கால் நீட்டி இருக்கிறார். "இது 2019இல் வந்திருக்க வேண்டிய வண்டியடா" என்று கீழே ஒரு வரி. தேடிப் பார்த்தேன், உண்மைதான். 701 என்ற ரகம். 2017இல் பொம்பார்டியர் என்ற ரயில் செய்கிற கம்பனியிடம் 90 ரயில்களுக்கு ஓடர் கொடுத்திருக்கிறார்கள், மொத்தம் 750 பெட்டிகள். முதல் வண்டி ஆட்களை ஏற்றியது 2024 ஜனவரியில். அதுவரை அந்தப் பாதைகளில் 1980களில் செய்த, கக்கூஸ்கூட இல்லாத 455 ரக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கேயே இப்படி என்றால் எங்கள் மட்டக்களப்பு-கொழும்புப் பாதையின் கதை என்ன? கட்டி முடித்து, கப்பலில் வந்து இறங்கிய புது வண்டியை ஓடவிடாமல் யார்டில் நிறுத்திவைக்க என்ன நியாயம் இருக்கிறது? "பாதுகாப்பு" என்ற ஒரு சொல்லை வைத்து எத்தனை வருசம் இழுப்பார்கள்?

பழைய கார்ட் (ஏறாவூர்)
அது சாட்டு இல்லை தம்பி. ஹொலண்டில் ஃபைரா என்று ஒரு அதிவேக ரயில் விட்டார்கள். அதுவும் பல வருசம் பிந்தி வந்த வண்டிதான். 2012 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமுக்கும் பிரசெல்ஸுக்கும் இடையில் ஓடத் தொடங்கியது, 2013 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். பனியில் ஓடி அடித்தட்டுகள் கழன்று விழுந்தன. பிறகு முழுவதையும் இத்தாலிக் கம்பனிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பிந்தி வந்ததால் ஆட்கள் ஏசுவார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் தட்டுக் கழன்றால் யார் பதில் சொல்வது?

படுவான்கரைப் பிள்ளை
கார்ட் ஐயா, எல்லாத் தாமதத்தையும் சோதனைக் கணக்கில் போடாதீர்கள். ஸ்பெயினில் என்ன நடந்தது? அஸ்தூரியாஸ், கந்தாப்ரியா மலைப் பாதைகளுக்கு 2020இல் 31 ரயில் ஓடர் பண்ணினார்கள். கொடுத்த அளவுப்படி செய்தால் வண்டி அங்குள்ள பழைய சுரங்கத்துக்குள் போகாது! அளவு நாடாவைப் பிடிக்காமல் அலுமாரி வாங்கின மாதிரி. விசயம் 2023இல் வெளியே வந்து, ரயில் நிறுவனத் தலைவரும் போக்குவரத்துச் செயலாளரும் பதவியை விட்டார்கள். இது கவலையீனம், வேறு பெயர் வேண்டாம்.

பழைய கார்ட்
கவலையீனம்தான். ஆனால் வண்டியைக் கட்டுவதற்கு முதலே பிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லு மனே. பார்த்ததால்தானே பிடிபட்டது.

எங்கள் பாதைக்கு வருவோம். மாகோவில் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைப் பாதையை விட்டு, பொலன்னறுவை, வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை என்று வருகிற ஒற்றைப் பாதை. எதிரில் வண்டி வந்தால் ஒன்று நின்றுதான் ஆகவேண்டும். நான் வேலை செய்த காலத்தில் டேப்ளட் முறை. பிரம்பு வளையம், அதில் தோல் பை, பைக்குள் வட்டத் தகடு. அந்தத் தகடு கையில் இல்லாமல் ரைவர் அடுத்த ஸ்டேசனுக்கு ஓட்ட முடியாது. வேகத்தைக் குறைத்து வரும்போது ஸ்டேசன் ஆள் வளையத்தை நீட்டுவார், உதவியாளர் கையை வெளியே விட்டு முழங்கையில் வாங்குவார். இருட்டில், மழையில் பிசகினால் வளையம் கீழே விழும், வண்டியும் நிற்கும். புது பவர்செட்டின் (தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளோடு சேர்ந்தே ஓடுகிற வண்டி) ஜன்னலிலிருந்து அதற்குக் கை எட்டுமா என்பதைக்கூட ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது யானை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி இங்கிருந்து கொழும்புக்குப் போன ரயில் கல்லோயாப் பக்கம் கூட்டத்தோடு மோதி ஆறு யானைகள் செத்தன, வண்டியும் தடம் புரண்டது. எஞ்சின் இழுக்கிற ரயில் ஒரு விதம். பவர்செட்டில் ஆட்கள் இருக்கிற பெட்டியே முன்னால் போகிறது.

வாவிக்கரையான்
ஐயா சொல்கிற டேப்ளட்டும் யானையும் வண்டி வந்து இறங்கின அன்றைக்குத்தான் முளைத்ததா? பாதை 1928இலிருந்து இருக்கிறது. 701இல் மென்பொருள் கோளாறு, அதைத் திருத்தினார்கள், அதற்குமேல் நூற்றுக்கணக்கான ரைவர்களைப் பழக்க வேண்டியிருந்தது. ரைவர் பழக வேண்டும் என்பது ஓடர் கொடுத்த அன்றே தெரியாதா?

இன்னொன்று. நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை. பற்றரி இறங்கும், ரப்பர் காயும். உத்தரவாதக் காலம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்பட்டால் யார்டிலேயே பாதி கரைந்துவிடும். என் அம்மாவை மாதத்துக்கு ஒருதரம் கொழும்புப் பக்கம் மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். எட்டு ஒன்பது மணி நேரம். மன்னம்பிட்டி வரும்போதே கால் வீங்கிவிடும், என் பையை அடியில் வைத்துக் காலைத் தூக்கிவிடுவேன். அவருக்கு வேகம் வேண்டாம், நீட்டிச் சாய ஒரு சீட் போதும்.

கல்முனைக் காக்கா
நீங்கள் பழசா புதுசா என்று சண்டை பிடிக்கிறீர்கள், எங்களுக்குத் தண்டவாளமே இல்லை. மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டப்போகிறார்கள் என்பதை என் வாப்பாவும் கேட்டார், நானும் கேட்கிறேன். கோச்சி பிடிக்க முதலில் பஸ் பிடிக்க வேண்டும்.

படுவான்கரைப் பிள்ளை
காக்கா, அதற்குத் தனித் திரி திறவுங்கள், எல்லாரும் வருகிறோம் 😄 கார்ட் ஐயா, உத்தரவாதத்துக்குப் பதில் இல்லையா?

பழைய கார்ட்
இருக்கிறது. சேவையில் விட்ட நாளிலிருந்து எண்ணும்படி ஒப்பந்தத்தில் எழுதலாம். எழுதாமல் விட்டால் அது எழுதினவர் பிழை. ரைவர் பழக்கமும் வண்டி வரும் முன்னமே தொடங்கலாம், அந்த இரண்டிலும் தம்பி பக்கம்தான் நான். ஓட்டிப் பார்ப்பதைக் குறை என்றால் மட்டும் விடமாட்டேன். புது வண்டி வந்தாலும் ஒற்றைப் பாதையில் நிற்கிற இடத்தில் நிற்கத்தான் வேண்டும், எட்டு மணி நேரம் ஐந்தாகாது.

வாவிக்கரையான்
ஐந்தாக்கச் சொல்லவில்லை ஐயா. சாய்கிற சீட் ஓட்டத்தில் இருந்தால் சரி. வருகிற செவ்வாய் காலை வண்டியில் அம்மாவோடு போகிறேன், எந்தப் பக்கம் சீட் கேட்கட்டும்?

பழைய கார்ட்
இடப்பக்கம். வாழைச்சேனை வரை வெயில் வலப்பக்கம் அடிக்கும்.