நாலு ராம் போட்டா திரை வருதில்லை

வெள்ளவத்தையில இருக்கிறன். கேமிங் பிசி: ரைசன் 5 7600, பி650 போர்ட், 16 ஜிபி டிடிஆர்5 6000 ராம் ரெண்டு. எக்ஸ்போ (ராமை அதில போட்டிருக்கிற வேகத்தில ஓட்டுற பயோஸ் செட்டிங்) போட்டு நல்லா ஓடிச்சுது. போன கிழமை அதே மொடலில இன்னும் ரெண்டு போட்டதிலயிருந்து போர்டில ராம் பிரச்சினையைக் காட்டுற டிராம் (DRAM) லைட் எரிஞ்சபடி நிக்குது, திரை கறுப்பு. மெமரி ட்ரெயினிங்கா (போர்ட் புது ராமுக்கு ஏத்த மாதிரி தன்னைச் சரிப்படுத்திறது) இருக்கும் எண்டு கனநேரம் விட்டும் பார்த்தன். பயோஸ் அப்டேட் செய்தாச்சு, சீமொஸ் கிளியர் பண்ணி பயோஸ் செட்டிங்கையும் பழையபடி ஆக்கியாச்சு. ஒவ்வொண்டா போட்டா எல்லாம் வேலை செய்யுது. எக்ஸ்போவை நிப்பாட்டினா நாலும் 3600இல ஓடுது. ஏஎம்டி சொல்ற கணக்கும் நாலுக்கு அதுதான், ரெண்டுக்கு 5200. ஆனா அந்த வேகத்துக்கா இவ்வளவு காசு குடுத்தது? போர்டின்ர கியூவிஎல் பட்டியலில (போர்ட் கம்பனி சோதிச்சுப் பார்த்த ராம்கள்) இருக்கிற 64 ஜிபி கிட் ஒண்டும் பம்பலப்பிட்டிக் கடைகளில கிடைக்கேல்லை.

பி650 போர்டில 32 ஜிபி ரெண்டை 6000இல பிரச்சினை இல்லாம ஓட்டுற ஆக்கள், எந்த மொடல் ராம் பாவிக்கிறீங்கள்?