உபுண்டுவில் கம்பைல் செய்த எக்ஸி விண்டோஸில் ஓடவில்லை (அவசரம்)

கடைசி_பெஞ்ச்
வணக்கம். சி++ல் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். தமிழ்க் கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். உபுண்டுவில் (லினக்ஸ்) மிங்டபிள்யூ-டபிள்யூ64 (விண்டோஸுக்கான எக்ஸி செய்யும் கம்பைலர்) போட்டு எக்ஸி ஆக்கினேன், ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அறைநண்பனின் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடவில்லை. நாளைக் காலை அதில்தான் காட்டவேண்டும். என்ன செய்வது?

மழைக்காகம்
ஓடவில்லை என்றால்? திரையில் என்ன வருகிறது? எந்தக் கட்டளை கொடுத்தீர்கள்?

வெள்ளிக்கிழமை
ஆன்டிவைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். முன்பின் பார்க்காத எக்ஸி என்றாலே அதற்கு ஆகாது. நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பழைய_பெருச்சாளி
"ஓடவில்லை" என்பது பிழைச் செய்தி அல்ல, தம்பி. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பீர்களா? கேள்வி கேட்பது எப்படி என்று இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன்.

மழைக்காகம்
அதைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் அவருக்கு விடிந்துவிடும் ஐயா.

கடைசி_பெஞ்ச்
மன்னிக்கவும். முதலில் லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் (நிரல் ஓடும்போது தேடும் சி++ நூலகக் கோப்பு) காணவில்லை என்று வந்தது. ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி எக்ஸி பக்கத்தில் வைத்தேன். இப்போது 0எக்ஸ்சி000007பி என்று ஒரு பிழை எண் வருகிறது. ஆன்டிவைரஸை நிறுத்தியும் அதேதான்.

மழைக்காகம்
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 64 பிட் எக்ஸி பக்கத்தில் 32 பிட் டிஎல்எல் வைத்தால் இந்த எண்தான் வரும். அந்தக் கோப்பை முதலில் அழியுங்கள், ஊர் பேர் தெரியாத தளத்தில் டிஎல்எல் எடுக்காதீர்கள். -ஸ்டேடிக்-லிப்ஜிசிசி, -ஸ்டேடிக்-லிப்எஸ்டிடிசி++ இரண்டையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள், அந்த நூலகங்கள் எக்ஸிக்குள்ளேயே போய்விடும்.

நள்ளிரவு_கம்பைலர்
நிரலில் த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலை) ஏதாவது இருக்கிறதா? போசிக்ஸ் வகை த்ரெட்டுக்கான கம்பைலர் என்றால் அந்த இரண்டும் போதாது, லிப்வின்பித்ரெட்-1.டிஎல்எல் வெளியே நின்றுவிடும். வெறும் -ஸ்டேடிக் போடுங்கள், மூன்றும் உள்ளே போய்விடும். அப்புறம் ஆப்ஜ்டம்ப் -பி கொடுத்து எந்தெந்த டிஎல்எல் கேட்கிறது என்று பாருங்கள். கெர்னல்32, எம்எஸ்விசிஆர்டி மாதிரி விண்டோஸிலேயே இருப்பவை மட்டும் வந்தால் சரி.

வெள்ளிக்கிழமை
பார்த்து. ஸ்டேடிக்காக இணைத்தால் ஜிபிஎல் (அந்த நூலகங்களின் திறமூல உரிமம்) உங்கள் நிரலையும் பிடித்துக்கொள்ளும். மூலநிரல் கேட்டால் கொடுத்தாகவேண்டும்.

பழைய_பெருச்சாளி
தவறு. உங்கள் நிரலுக்கு ஜிபிஎல் ஒட்டாமல் இருப்பதற்கென்றே ஜிசிசி (இந்தக் கம்பைலர்) ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு இருக்கிறது. அதன் 3.1ஆம் பதிப்பு 2009ல் வந்தது. படித்துவிட்டுப் பேசலாம்.

வெள்ளிக்கிழமை
எங்கள் பழைய அலுவலகத்தில் இதே காரணத்துக்காகத்தான் சிக்வினை (விண்டோஸில் லினக்ஸ் மாதிரிச் சூழல் தரும் தொகுப்பு) தொடவே விடவில்லை.

பழைய_பெருச்சாளி
சிக்வின் வேறு, மிங்டபிள்யூ வேறு. சிக்வினில் நிரல் அதன் டிஎல்எல்லை நம்பித்தான் ஓடும். அந்த டிஎல்எல் 2016 வரை ஜிபிஎல், பிறகு எல்ஜிபிஎல் (அதைவிடத் தளர்வான உரிமம்) ஆனது. மிங்டபிள்யூவில் செய்த நிரல் நேராக விண்டோஸ் ஏபிஐயை (விண்டோஸின் சொந்தச் செயற்கூறுகள்) அழைக்கிறது. இரண்டையும் குழப்பிப் புதியவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

செம்பருத்தி
கோ மொழியில் எழுதியிருந்தால் எந்த இயங்குதளத்துக்கு என்று சொல்லும் ஜிஓஓஎஸ் என்ற ஒரே மாறியில் முடிந்திருக்கும்.

மழைக்காகம்
நாளைக் காலை காட்டவேண்டியவரிடம் இன்று இரவு மொழியை மாற்றச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை.

கடைசி_பெஞ்ச்
வெறும் -ஸ்டேடிக் போட்டேன், ஓடுகிறது!! த்ரெட் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். எக்ஸி பெருத்துவிட்டது, பரவாயில்லை. ஆனால் தமிழ் எல்லாம் ஏதேதோ குறிகளாக வருகிறது.

நள்ளிரவு_கம்பைலர்
ஓர் எழுத்துக்கு மூன்று மூன்று குறியாக வருகிறதா? யூடிஎஃப்-8 எழுத்துக் குறியேற்றத்தில் 'க' ஒன்றுக்கே 3 பைட். கன்சோல் (கட்டளை ஜன்னல்) அதைத் தனித்தனியாகப் படிக்கிறது. ஓட்டுவதற்கு முன் சிஎச்சிபி 65001 அடியுங்கள், கன்சோல் யூடிஎஃப்-8க்கு மாறும். நிரலுக்குள்ளேயே வேண்டுமானால் செட்கன்சோல்அவுட்புட்சிபியை அழையுங்கள். இன்னொன்று, கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் ஐஎஃப்ஸ்ட்ரீம் (சி++ல் கோப்பைப் படிப்பது) அதைத் திறக்காமல் போகலாம். நாளைக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கம்பைல் செய்யும்போது -எஸ் சேர்த்தால் எக்ஸி கொஞ்சம் இளைக்கும்.

மழைக்காகம்
எந்த விண்டோஸ்? பழைய கன்சோல் ஜன்னலா, புது டெர்மினலா?

மழைக்காகம் (மூன்று நாள் கழித்து)
காட்டினீர்களா? தமிழ் வந்ததா?

வெள்ளிக்கிழமை
அந்த அறைநண்பனிடம் ஆன்டிவைரஸை மறுபடி போடச் சொல்லுங்கள்.